தூக்கத்துக்குப் பன்னிரண்டு வார்த்தைகள்

ஜனவரி 6

தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால் அதுவே பெரிய விஷயம். அம்மா போய் மூன்று வருஷமாக நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் தபால். அதற்கு மணி அடிக்கத் தெரியாது. பேசாமல் வந்து பெட்டியில் கிடக்கும்.

விஷயம் இதுதான். ஆலைக்காரர்களை ஏற்றி இறக்கும் பேருந்தை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். சாயங்காலம் ஒரு நடை, விடிகாலையில் ஒரு நடை. இப்போது விமான நிலையத்துக்குப் பேருந்து விடும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். ஓட்டிக் காட்டித் தேறிவிட்டேன். பாக்கி இருப்பவர் கம்பெனி டாக்டர் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. எதிரே உட்கார வைத்து இங்கிலீஷில் கேட்பாராம், நாமும் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டுமாம். கேள்வி முழுக்கத் தூக்கம், ராத்திரி, இருட்டு இவற்றைப் பற்றித்தான் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் மாற்று டிரைவர், "எது கேட்டாலும் நோ சொல்லிடுண்ணே, வேலை முடிஞ்சுது" என்கிறான். கேள்வி புரியாமல் நோ சொல்லப் போய், உன் பெயர் இதுதானா என்பதற்கும் நோ சொல்லித் தொலைத்தால் என்ன ஆவது? மெத்தைக் கடையில் நீ நாள் முழுக்க இங்கிலீஷில் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறாய் என்று உன் அண்ணி சொன்னாள். பிப்ரவரி 20 அன்று டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கோபத்தை நீயே வைத்துக்கொள், அதை நான் கேட்கவில்லை. வார்த்தை மட்டும் கொடு.

அண்ணன்


ஜனவரி 15

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்காகத்தான் எழுதுகிறேன், உங்களுக்காக அல்ல.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னது ஒரே ஒரு ராத்திரி. அவள் உயிர் போனதுகூடத் தெரியாமல் காலை ஆறு மணி வரை தூங்கிய மனிதருக்குத் தூக்கத்தைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் தூங்குமூஞ்சி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். சரி, இத்தோடு அந்தப் பேச்சை விட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் வந்த வழி ஒன்றுதான். கடைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மேலாளர் அம்மா தினமும் ஒரு வார்த்தை தருவார். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியம் நமக்கு உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். கற்பனை செய்து எழுதினால் அடித்துவிட்டு, "இது யாருக்கு நடந்தது?" என்பார். புத்தகத்து வாக்கியம் ஒரு வாரத்தில் மறந்துபோகும், நமக்கு நடந்தது மறக்காது. நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும். பொய் வாக்கியம் வந்தால் அன்றோடு பாடம் நின்றுவிடும்.

பன்னிரண்டு வார்த்தைகள் தனித்தாளில் இருக்கின்றன. டோஸ் என்றால் லேசாகக் கண் அயர்வது. நாட் ஆஃப் என்றால் உட்கார்ந்தபடியே தலை தொங்கித் தூங்கிப்போவது. ட்ரௌஸி என்றால் தூக்கம் கண்ணைச் சொக்குவது. டஸ்க் என்பது பொழுது சாய்கிற நேரத்து மங்கல், பிட்ச் டார்க் என்பது கும்மிருட்டு. ஸ்னோர் என்றால் குறட்டை, ஓவர்ஸ்லீப் என்றால் எழ வேண்டிய நேரம் தாண்டித் தூங்குவது. அவேக் என்றால் விழித்திருப்பது. மீதியைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு நடந்த வாக்கியம் ஒன்றை உதாரணமாக எழுதியிருக்கிறேன்.

தங்கை


ஜனவரி 24

வாயாடிக்கு,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருந்தாயே, யாரோ மேலதிகாரி கடிதம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன்.

பாடம் படித்தேன். டோஸ் என்றால் எனக்கு இதுவரை தெரிந்தது நீ விடுகிற டோஸ்தான். கண் அயர்வதற்கும் அதே பெயரா! வாக்கியங்களை இங்கிலீஷில் எழுதி, நீ திருத்த வசதியாகப் பக்கத்திலேயே தமிழிலும் எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை. உன் அண்ணி பார்த்துவிட்டு ஸ்னோர் வாக்கியத்தை மட்டும் பொய் என்கிறாள்.

ஸ்னோர். என் மனைவி குறட்டை விடுகிறாள், காலையில் அது நான்தான் என்கிறாள்.

ஓவர்ஸ்லீப். என் கல்யாணத்தன்று நான் நேரம் தாண்டித் தூங்கினேன், மாமனார் வந்து எழுப்பினார்.

டஸ்க். பொழுது சாயும்போது நான் ஆலை வாசலில் நாற்பது பேரை ஏற்றுகிறேன்.

ட்ரௌஸி. எனக்கு எப்போதும் தூக்கம் சொக்குகிறது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

நாட் ஆஃப். போன வாரம் பாலத்துக்கும் சிவப்பு விளக்குக்கும் நடுவில் நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது விளக்கு எனக்குப் பின்னால் இருந்தது. யாருக்கும் தெரியாது.

டோஸ். விடிகாலையில் ஓட்டும்போது தினமும் கண் அயர்கிறேன், அதனால் தொடையைக் கிள்ளிக்கொள்கிறேன்.

மற்றவை தாளில். இந்த முறை நல்ல முறைதான். வார்த்தை அப்படியே ஒட்டிக்கொள்கிறது. தமிழில் வாய் வராத விஷயம்கூட இங்கிலீஷில் எழுத வருகிறது. யாரோ வேற்றாள் கதையை எழுதுகிற மாதிரி இருக்கிறது.

இரண்டு சந்தேகம். பதினோரு வார்த்தைக்கு உதாரணம் கொடுத்திருக்கிறாய், அவேக் என்பதற்கு நேரே மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறாய். மறந்துவிட்டாயா? அடுத்தது, கண் திறந்திருக்கும், காது கேட்கும், ஆனால் உடம்பை அசைக்க முடியாது. அமுக்குவான் பேய் என்பார்களே, அதற்கு இங்கிலீஷில் என்ன?

அண்ணன்


ஜனவரி 30

அண்ணா,

நீ எழுதிய தாளைச் சிவப்புப் பேனாவோடுதான் படிக்க உட்கார்ந்தேன். மாமனார் எழுப்பிய இடத்தில் சிரித்துக்கூட விட்டேன். நாட் ஆஃப் வாக்கியத்துக்கு வந்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. சரி என்று குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன், அண்ணா. அடுத்த வரியில் பாதி படிக்கும்போதுதான் நான் எதற்குச் சரி போட்டேன் என்று மண்டையில் உறைத்தது. பேனா கீழே விழுந்துவிட்டது.

நாற்பது பேர். நீயே எழுதியிருக்கிறாய், டஸ்க் வாக்கியத்தில். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டித் தூங்கியிருக்கிறாய். அதை ஸ்னோர் வாக்கியத்துக்குப் பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாய்!

உனக்கு உடனே போன் செய்தேன். ஆறு தடவை. நீ எடுக்கவில்லை. பிறகு அண்ணிக்குச் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாய், திட்டிக்கொள். அண்ணி, "தொடையில என்ன கன்னிப்போயிருக்குன்னு கேட்டா, படியில இடிச்சுக்கிட்டேன்னாரே" என்று அழுதாள்.

வண்டியைத் தொடாதே. இது பாடம் இல்லை, நான் கேட்கிறேன். நீ நிறுத்தாவிட்டால் ஆலைக்கு நானே எழுதுவேன். எழுத எனக்குக் கை வராது, ஆனாலும் எழுதுவேன்.

அந்த இரண்டாவது சந்தேகத்தை எதற்குக் கேட்டாய்? உனக்கு அப்படி வருகிறதா?

தங்கை


பிப்ரவரி 7

தங்கைக்கு,

மூன்று வருஷம் நீ எடுக்கவில்லை, ஆறு தடவை நான் எடுக்கவில்லை. அதற்கே இத்தனை பதறல்.

நீ செய்தது நியாயமா? பாடம் என்று வாங்கிக்கொண்டு போய்ப் பெண்டாட்டியிடம் போட்டுக் கொடுப்பாயா? உண்மையை எழுது, உண்மையை எழுது என்று சொன்னது யார்? இப்போது இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? உன் அண்ணி ஐந்து நாளாக என் பேருந்தில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். போகும்போதும் வரும்போதும் வாய் ஓயாமல் பேசுகிறாள். நான் இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் தண்ணீர் பாட்டிலால் முதுகில் ஒரு தட்டு. ஆலைக்காரர்கள், "டிரைவருக்குப் புதுசா கல்யாணமாம்டா" என்று சிரிக்கிறார்கள். ஐந்து நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. நான் ஒருவன் தூங்குகிறேன் என்று இப்போது வீட்டில் இன்னொருத்தி தூக்கமில்லாமல் கிடக்கிறாள்.

விமான நிலையத்து வேலை பகல் வேலை. அங்கே எனக்குச் சரியாகிவிடும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

எதற்குக் கேட்டாய் என்கிறாய். சொல்கிறேன். தமிழில் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதனால் இங்கிலீஷில் எழுதித் தாளில் வைத்திருக்கிறேன், இங்கே அதைத் தமிழாக்குகிறேன்.

அன்று ராத்திரி அம்மா என்னைக் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. என் கண் திறந்திருந்தது. தண்ணீர் வேண்டும் என்றாள். என்னால் அசைய முடியவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அவள் கை என் தோள் வரைக்கும் வந்து, எட்டாமல் திரும்பிப் போனது. அதையும் பார்த்தேன். ஒரு விரலைக்கூட என்னால் தூக்க முடியவில்லை. பிறகு எப்போது முழுத் தூக்கத்தில் விழுந்தேனோ தெரியாது. காலையில் நர்ஸ் என்னை உலுக்கினார்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இப்படி வரும். யாரிடமும் சொன்னதில்லை. தூங்கிவிட்டேன் என்று சொன்னால் திட்டுவார்கள், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டே கிடந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீ நம்புவாயா?

அண்ணன்


பிப்ரவரி 13

அண்ணா,

நம்புகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் கடை முகவரிக்கு வந்தது. காட்சிக்குப் போட்டிருந்த இரட்டை மெத்தையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வாடிக்கையாளர் விலை கேட்டு எதிரே நின்றாராம். எனக்கு அவர் நின்றதே தெரியாது. மேலாளர் அம்மா வந்து கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப் போனார். நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேனாம்.

எங்கள் கல்லா மேஜையில் ஒரு டாக்டருடைய அட்டைகளை அடுக்கி வைத்திருப்போம். எத்தனை மெத்தை மாற்றினாலும் தூக்கம் சரியாகாதவர்களுக்குக் கொடுப்பதற்காக. தூக்கத்துக்கென்றே படித்த டாக்டர். சாயங்காலமே போனேன். உன் வாக்கியங்களை அப்படியே அவரிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர், "இவர் சிரிக்கும்போது கால் துவளுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவர் உன்னைப் பார்த்ததே இல்லை! சின்ன வயதில் ஒரு ஜோக் சொன்னால் நீ முழங்கால் மடங்கிப் பொத்தென்று விழுவாய். நடிக்கிறாய் என்று நினைத்தோம். சிநேகிதிகளைக் கூட்டி வந்து, "எங்கண்ணனைச் சிரிக்க வைக்கிறேன், விழறான் பாருங்கடி" என்று காட்டினேனே. உன் நெற்றியில் இருக்கிற தழும்பு அப்படி விழுந்ததுதானே? நான் சொன்ன ஜோக்தானே அது?

அதற்குப் பெயர் நார்கோலெப்சி. மூளைக்குத் தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்து வைக்கத் தெரியாமல் போகிற நோய். ராத்திரி எவ்வளவு தூங்கினாலும் பகலில் அடித்துப் போடும். சிரித்தால் உடம்பு துவளும். பாதி விழிப்பில் உடம்பு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும், மனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். நேரில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றார். மாத்திரை உண்டு, அதை வைத்துக்கொண்டு வாழலாம் என்றார். ஆனால் சிகிச்சைக்கு முன்னால் பகலோ ராத்திரியோ, வண்டி ஓட்டவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

சோம்பேறி என்றேன். கல்நெஞ்சக்காரன் என்றேன். பெற்றவள் சாகும்போது குறட்டை விட்டவன் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேன். நீ ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை.

கம்பெனி டாக்டரிடம் போய் நோ சொல்லாதே, அண்ணா. அந்த வேலை உனக்கு வேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 27

வாயாடிக்கு,

உன் கடிதம் 18ஆம் தேதி வந்தது. அன்றே பேருந்துச் சாவியை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு லீவு போட்டேன். உன் அண்ணி அன்று சாயங்காலம் படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள்.

ஆனால் 20ஆம் தேதி நான் போனேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நோ சொல்லத்தான் போனேன். நோய் என்று ஒரு பெயர் வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது வரைக்கும் வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? முதலில் வேலையில் சேர்வோம், மாத்திரையை ரகசியமாகச் சாப்பிடுவோம் என்று கணக்குப் போட்டேன். மாற்று டிரைவர் வாசல் வரைக்கும் வந்து, "நோ, நோ, நோ, அவ்வளவுதாண்ணே" என்று முதுகில் தட்டி அனுப்பினான்.

டாக்டர் வயதானவர், நல்ல மாதிரி. பெயர் கேட்டார், சொன்னேன். இருட்டில் கண் தெரிகிறதா என்றார், தெரிகிறது என்றேன். அது உண்மை. பிறகு, "டு யூ எவர் நாட் ஆஃப்?" என்றார்.

தங்கச்சி, நோ என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் பாலமும் சிவப்பு விளக்கும் வந்து நிற்கின்றன. அந்த வார்த்தைக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரே வாக்கியம்தான். அதைச் சொல்லிவிட்டேன். முழுசாக. நாற்பது பேரையும் சேர்த்து. சொன்னதை நானே கேட்டு ஆடிப்போனேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுத்தது டோஸ் பற்றிக் கேட்டார், தொடையைக் கிள்ளுவது வந்தது. ட்ரௌஸி, அதுவும் வந்தது. கடைசியில் அவர் கேட்காமலே அம்மாவைப் பற்றியும் சொன்னேன். எனக்கு இங்கிலீஷில் பொய் சொல்லத் தெரியவில்லை. நீ சொல்லிக் கொடுக்கவே இல்லையே.

வேலை கிடையாது. ஆலை வேலையும் போயிற்று, நானே போய்ச் சொல்லிவிட்டேன். அந்த டாக்டர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் எழுதியிருந்ததும் உன் டாக்டர் சொன்ன நோயின் பெயரேதான். எழுந்திருக்கும்போது, உனக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுத்தது யார் என்று கேட்டார். என் தங்கை என்றேன். நன்றாகக் கற்றுக் கொடுத்திருக்கிறாள் என்றார். வேலை போன இடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது, அதுவும் உனக்கு!

ஆலைப் பேருந்துகள் நிற்கிற டிப்போவில் டயருக்குக் காற்றுப் பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டயர் நின்றுகொண்டிருக்கும், நான் தூங்கினாலும் யாரையும் ஏற்றிக்கொண்டு போகாது.

அவேக் என்பதற்கு இன்னும் நீ உதாரணம் அனுப்பவில்லை. பன்னிரண்டில் ஒன்று குறைகிறது.

அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

நாலு நாளாக உன் கடைசி வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதை வேண்டுமென்றேதான் வெறுமையாக விட்டேன். பொய் வாக்கியம் எழுதக் கூடாது என்று நானே விதி போட்டிருந்தேன். அந்த வார்த்தைக்கு எனக்கு இருப்பதும் ஒரே வாக்கியம்தான்.

அவேக். அம்மா இறந்த ராத்திரி இரண்டு மணிக்கு நான் விழித்திருந்தேன்.

என் போன் அடித்தது. அம்மாவின் எண். அன்று சாயங்காலம்தான் உடனே புறப்பட்டு வா என்றாள், லீவு இல்லை என்று நான் கத்திவிட்டுப் போனை வைத்திருந்தேன். மறுபடியும் அதே புலம்பல்தான், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்துப் போட்டேன். அது மெத்தைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எந்த நோயும் இல்லை. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். நீட்டவில்லை.

காலையில் செய்தி வந்தபோது, நீ தூங்கிவிட்டாய் என்றார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன்னைத் திட்டுகிற வரைக்கும் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்கப்புறம் உன் போன் வரும்போதெல்லாம் அந்த அதிர்வுதான் கேட்கும், எடுக்கக் கை வராது.

அம்மா உன்னைக் கூப்பிட்டாள், உன்னால் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. இனி நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி. தாளை உள்ளே வைத்திருக்கிறேன்.

தங்கை


மார்ச் 19

வாயாடிக்கு,

உன் தாளைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் போட்டேன். மூன்று நாள் தொடவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். விழித்திருந்தாயா என்று வாய்விட்டே கேட்டேன். உன் அண்ணி ஓடி வந்து யாரோடு பேசுகிறேன் என்று பார்த்தாள்.

அம்மா உனக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும். பக்கத்தில்தானே கிடந்தேன். கை எட்டாமல் திரும்பியதும் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், தூங்கறா போல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். தூங்குகிற பெண்ணிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மூன்று வருஷமும் சொல்லவில்லை.

நேற்று டிப்போவிலிருந்து ஒரு சிவப்புப் பேனா எடுத்து வந்து உன் தாளைத் திருத்த உட்கார்ந்தேன். உன் வாக்கியத்தில் பிழை இல்லை. சரி என்று குறி போட்டு இத்துடன் அனுப்புகிறேன். பன்னிரண்டும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டிருப்பேன், அந்த நேரத்தில் எனக்கு நல்ல விழிப்பு. மணி அடிக்கும். எடு.

அண்ணன்